பிள்ளை கபடி டீமில் சேர்ந்திருக்கிறதா? புதிதாக வரும் பெற்றோருக்குச் சில படிகள்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டுமே தங்கம் வென்றன. அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். அந்தப் படங்கள் எல்லாருடைய போனுக்கும் வந்த பிறகு, சாயங்கால கிரவுண்டுகளில் புதுப் பெற்றோர் முகங்கள் கூடிவிட்டன. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பிள்ளை எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

சேர்க்க வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அடுத்தபடியாக வரும் பதில் ஒன்றுதான்: “கொஞ்சம் ஒழுக்கம் வரட்டும் சார், வீட்டில் சொல்பேச்சு கேட்க மாட்டேங்கிறான்.” வரும். ஆனால் கிரவுண்டுக்குப் போய்வந்தாலே தானாக வந்துவிடாது. அதே கிரவுண்டில் நான்கு வருடம் ஆடிவிட்டு, நடுவரைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற பையன்களும் இருக்கிறார்கள். பணிவும் நேர்மையும் சின்னச் சின்னச் செயல்களில்தான் படிகின்றன. அந்தச் செயல்களைப் பெரியவர்கள் கவனிக்கிறார்களா, கேட்கிறார்களா, அல்லது பாயிண்டை மட்டும் எண்ணுகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கே, எப்போது, எதைக் கவனிப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பல பெற்றோர் இந்த வேலையைச் செய்வதே இல்லை. ஆட்டம் தெரியாமல் பிள்ளையின் நடத்தையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒருவர் எதிர்ப்பக்கம் பாடிப் போவதுதான் ரைடு. அதற்கு 30 நொடி. அதற்குள் யாரையாவது தொட்டுவிட்டோ, எதிர்ப்பக்கத்தின் பின்பகுதியில் இருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டோ, ஒன்றும் கிடைக்காமலோ நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பிடிபட்டால் அவுட். அவுட்டானவர் வெளியே போய் உட்கார வேண்டும். அவருடைய டீம் எதிரணியில் ஓர் ஆளை வெளியேற்றினால்தான் அவர் மறுபடி உள்ளே வர முடியும். முதலில் போனவர்தான் முதலில் திரும்புவார். போனஸ் புள்ளிக்கு ஆள் திரும்ப முடியாது. ஏழு பேரும் அவுட்டானால் எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி. அதைத்தான் லோனா என்கிறார்கள்.

இதில் பெற்றோர் நன்றாகக் கவனிக்க வேண்டியது அந்த உட்காரும் இடத்தை. டீமிலேயே நல்ல ரைடர் மூன்றாவது நிமிடத்தில் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் மறுபடி ஆட வேண்டுமானால், அவனைவிடச் சுமாராக ஆடுகிற ஒருவன் உள்ளே இருந்து எதிரணியில் ஓர் ஆளை வெளியேற்றியாக வேண்டும். அவன் தயவில்தான் இவன் எழுந்திருக்க முடியும். பதினைந்து வயதுப் பையனுக்கு இதைப் பேச்சில் புரியவைக்க எத்தனை மணி நேரம் ஆகும்! கபடி அதை ஒவ்வோர் ஆட்டத்திலும் நாலைந்து முறை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது.

அவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று பாருங்கள். தலையைத் தொங்கப் போட்டு, தண்ணீர் பாட்டிலைக் காலால் தட்டிக்கொண்டிருக்கிறானா? உள்ளே இருப்பவனுக்கு “லெஃப்ட் கார்னர் முன்னாடி வர்றான், பார்த்துக்க” என்று குரல் கொடுக்கிறானா? வீட்டில் நீங்கள் பேச வேண்டிய விஷயம் அங்கே இருக்கிறது.

பிடியாட்டத்திலும் இதே கதைதான். கார்னரில், அதாவது வரிசையின் ஓரத்தில், நிற்பவனும் அவன் பக்கத்தில் நிற்பவனும் கைகோத்து நிற்பார்கள். ரைடர் கால் நீட்டும்போது கார்னர் கணுக்காலைப் பிடிப்பான். அடுத்த கணமே மற்றவர்கள் வந்து அடைக்காவிட்டால் ரைடர் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். தொட்டுவிட்டால், அவனைப் பிடித்த கைகள் எல்லாம் அவுட். ஒருவன் பேர் வாங்குகிற அவசரத்தில் முன்னாடியே பாய்ந்தால், காப்பாற்ற ஓடிவந்த இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போவார்கள். “என் பையன் தைரியமாகப் பாய்ந்தான், மத்தவங்கதான் சரியில்லை” என்று கோட்டுக்கு வெளியே நின்று சொல்கிற அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது.

2. எந்தக் கிரவுண்டு, எந்த சார்

சேர்ப்பதற்கு வழி பல. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் டீம் வைத்திருப்பார். அங்கிருந்து குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் போகும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. ஊர் கிளப்புகள் இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளும் மாவட்ட விளையாட்டு அரங்கப் பயிற்சிகளும் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் சும்மா போய் நின்று பாருங்கள். கோப்பைகள் அடுக்கிய அலமாரியைப் பார்க்க வேண்டாம். பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய பதினைந்து நிமிடத்தைப் பாருங்கள். மண் தரையாக இருந்தால் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு போட வேண்டும். மேட் (விரிப்பு) போட்டு ஆடும் இடமாக இருந்தால் அதைத் துண்டு துண்டாக எடுத்து வந்து இணைக்க வேண்டும், முடிந்ததும் கழற்றி அடுக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன்கள் மட்டும் சுமக்க, மாவட்ட டீமுக்கு ஆடியவர்கள் உட்கார்ந்து போன் பார்த்தால், அந்த இடத்தில் உங்கள் பிள்ளை கற்கப்போவது சீக்கிரம் சீனியராகி உட்கார வேண்டும் என்பதைத்தான். மாநில அணிக்கு ஆடுகிற பெண்ணும் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து கோடு போடுகிற கிரவுண்டுகளும் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.

அடுத்து, சார் அந்த டீமிலேயே சரியாக ஆடாத பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். நன்றாக ஆடுகிறவனிடம் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். அந்தக் கடைசிப் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமா? தப்பாகப் பிடித்தால் கையைப் பிடித்து எப்படி என்று காட்டுகிறாரா, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுச் சிரிக்கிறாரா?

அடிக்கிற சார் வேண்டவே வேண்டாம். “நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வந்தோம்” என்று பெருமையாகச் சொல்வார்கள். அடி வாங்கும் பிள்ளை அடங்கிப் போகும். அதைப் பணிவு என்று தப்பாக எடுத்துக்கொள்கிறோம். சார் இல்லாத நாளில் அதே பிள்ளை தனக்குச் சின்னவனை அடிக்கும்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் மூன்று கேள்வி. பயிற்சியிலும் வெளியூர்ப் போட்டியிலும் பெண் ஆசிரியரோ பெண் பொறுப்பாளரோ கூட இருப்பாரா? உடை மாற்றவும் கழிப்பறைக்கும் என்ன வசதி? இருட்டிய பிறகு எப்படி வீட்டுக்கு வருவார்கள்? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

3. முதல் மூன்று மாதம்: வாயை மூடிக்கொள்ளுங்கள்

இந்த மூன்று மாதத்தில் பிள்ளை ஆட்டமே ஆடாமல் இருக்கலாம். ஓட்டம், குனிந்து நகர்வது, விழப் பழகுவது, எழுந்திருக்கப் பழகுவது, கைகோத்தபடி பக்கவாட்டில் போய்வருவது. வீட்டுக்கு வந்து “சார் என்னை ரைடுக்கே விடலை” என்பான். சாருக்குப் போன் போடாதீர்கள். முறையாக விழத் தெரியாமல் ரைடுக்குப் போனால் தோள்பட்டை போய்விடும் என்பது ஒரு காரணம். கிடைக்காததற்குக் காத்திருக்கப் பழகுகிறான் என்பது இன்னொன்று.

பிறகு ஒரு நாள் ரைடுக்கு விடுவார்கள். தெருவில் ஆடும்போது ஹீரோவாக இருந்தவன், இங்கே தன்னைவிடக் குள்ளமான ஒருவன் கணுக்காலைப் பிடித்துச் சாய்க்க, இரண்டே நொடியில் முகம் மண்ணில் பதியக் கிடப்பான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் வழக்கத்தைவிட அமைதியாக இருப்பான். ஆறுதல் சொல்கிறேன் என்று “அவன் பழைய ஆளுடா, நீயும் ஒரு நாள் அவனைப் பிடிப்ப” என்று தொடங்காதீர்கள். “இன்னைக்கு உன்னை யார் பிடிச்சா? எப்படிப் பிடிச்சான்?” என்று கேளுங்கள். அவ்வளவு போதும். அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே, “நான் வலது காலை நீட்டினேன்பா, அவன் கீழேயே உட்கார்ந்திருந்தான்…” என்று தொடங்குவான். தன்னைத் தோற்கடித்தவனின் திறமையை அவன் வாயாலேயே விவரிக்கும்போது, கோபம் இருந்த இடத்தில் மரியாதை வரும். “எத்தனை பாயிண்ட் எடுத்தே?” என்ற கேள்வியை வீட்டில் கேட்பதில்லை என்று அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று மாதத்திலேயே வீட்டில் தொடங்க வேண்டிய பழக்கம் ஒன்று: ஜெர்சியையும் நிக்கரையும் அவனே துவைக்கட்டும். மண் கறையோடு வந்து கூடையில் வீசிவிட்டுப் போகிறவனுக்கு அம்மா உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தால், கிரவுண்டில் கற்றுக்கொண்டது வாசற்படியோடு நின்றுவிடும். பையன்களுக்கும் இது பொருந்தும், பெண்களுக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஆடிவிட்டு வரும் பெண், தன் ஜெர்சியோடு அண்ணன் சட்டையையும் துவைக்கிறாள். அதையும் கொஞ்சம் பாருங்கள்.

போட்டி நாளில் நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கக் கூடாது. விதியிலேயே இது இருக்கிறது, நடுவர்கள் விரலை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். நகம் வெட்டுவது எதிரில் நிற்பவனின் தோலுக்காக. முந்தைய நாள் ராத்திரி அவனாகவே நகவெட்டியை எடுக்கும்வரை நினைவுபடுத்துங்கள்.

4. நானே அவுட்: கையைத் தூக்கும் பழக்கம்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றே சொல்லலாம்.

கபடியில் தொட்டாயா, தொடவில்லையா என்பது பல நேரம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ரைடரின் விரல் நுனி பிடிப்பவனின் முழங்காலில் உரசியிருக்கும்; நடுவர் நிற்கிற கோணத்தில் தெரியாது. இருவரும் பதினாறு வயதுப் பிள்ளைகள். இருவருக்கும் உண்மை தெரியும்.

ஒரு பள்ளிப் போட்டியில் பார்த்தேன். இரண்டாம் பாதி, கடைசி சில நிமிடம், இரண்டு புள்ளி வித்தியாசம். ரைடர் உள்ளே போய் வலது கார்னர் பக்கம் கையை வீசிவிட்டுத் திரும்பினான். நடுவர் புள்ளி இல்லை என்று கை காட்டினார். ரைடர் வாதாடவில்லை. கார்னரில் நின்ற பையன் தன் முன்கையை ஒருமுறை பார்த்தான், கையைத் தூக்கினான், தலையைக் குனிந்தபடி வெளியே நடந்து போய் உட்கார்ந்தான். நடுவர் ஒரு நொடி திகைத்துவிட்டுப் புள்ளியைக் கொடுத்தார். அவன் டீம் அந்த ஆட்டத்தில் தோற்றது. கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு பெரியவர், “டேய், உன்னை யாருடா கையத் தூக்கச் சொன்னா?” என்று கத்தினார். அந்தப் பையனின் சார் அந்தப் பெரியவரிடம் போய், “அவன் சரியாத்தான் செஞ்சான்ணே, நீங்க உட்காருங்க” என்றார், பையன் காதில் விழும்படி. அந்தச் சார் ஒரு வருடம் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாலும் அதற்கு ஈடாகாது.

இதைப் பழக்க என்ன செய்யலாம்? சாரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாள் நடுவர் இல்லாமல் ஆட வைக்கச் சொல்லுங்கள். விசில் கிடையாது, முடிவு சொல்ல ஆள் கிடையாது. தொட்டால் தொட்டவனும் தொடப்பட்டவனும்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் சண்டைதான் நடக்கும். இரண்டாம் வாரம் இரண்டு மூன்று பேரின் பெயர் கெட்டுப்போகும்: “அவன் ஒத்துக்கவே மாட்டான்.” சக வயதுப் பிள்ளைகளிடம் அந்தப் பெயர் வாங்குவதை எந்தப் பிள்ளையாலும் ரொம்ப நாள் தாங்க முடியாது. மெல்ல மெல்லக் கைகள் தூக்கப்படும். நடுவர் இல்லாத நாளில் வந்த பழக்கம்தான் நடுவர் பார்க்காத கணத்திலும் உதவும்.

“போட்டியில் இப்படியெல்லாம் செய்தால் தோற்றுத்தான் போவோம்” என்பார்கள். சில ஆட்டங்களில் தோற்பார்கள். பதினான்கு, பதினைந்து வயதுக் கோப்பை இரண்டு வருடத்தில் பரணுக்குப் போய்விடும். கையைத் தூக்கியவன் என்ற பெயர் அவனோடு கல்லூரிக்கும் வேலைக்கும் போகும் என்பது என் தீர்மானமான கருத்து.

5. கோட்டுக்கு வெளியே நீங்கள்

பிள்ளை வன்மமாக நடந்தால் நடுவர் பச்சை அட்டை காட்டி எச்சரிப்பார். மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. சிவப்பு என்றால் அந்த ஆட்டமே முடிந்தது. பெற்றோருக்கு அட்டை கிடையாது, ஆகவே நாமே காட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். “ஏறிப் போ, பின்னாடி வா, அவனைப் பிடி” என்று வெளியே இருந்து ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளை சார் குரலைக் கேட்பதா, உங்கள் குரலைக் கேட்பதா என்று குழம்பி நிற்கும்போதுதான் பிடிபடும். நடுவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம், வண்டியில் வீட்டுக்குப் போகும்போதும்கூட. “அந்த ஆள் காசு வாங்கிட்டான்” என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவீர்கள். தோல்விக்குக் காரணம் எப்போதும் இன்னொருவரிடம் இருக்கிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

தொடை தட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒரு நல்ல பிடி விழுந்ததும் தன் டீமைப் பார்த்துத் தட்டினால் அது உற்சாகம். கீழே கிடப்பவனின் முகத்துக்கு நேராகப் போய்த் தட்டினால், அதை அன்றைக்கே நிறுத்துங்கள். கீழே கிடப்பவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு அப்புறம் தட்டட்டும்.

இன்றைக்குப் புதிதாக வந்திருக்கும் தொல்லை ரீல்ஸ். உங்கள் பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தூக்கிப் போடுகிற வீடியோவைப் பாட்டுப் போட்டு ஏற்றுகிறீர்கள். விழுந்த பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அது அன்றைக்கே சுற்றும். வீடியோ எடுங்கள், பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள், தப்பைத் திருத்த உதவும். அதோடு போனில் இருக்கட்டும்.

6. தோற்ற நாள், ஜெயித்த நாள்

தோற்ற அன்று எதுவும் பேச வேண்டாம். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். கை குலுக்காமல் வந்திருந்தால் மட்டும் திரும்ப அனுப்பிக் குலுக்கிவிட்டு வரச் சொல்லுங்கள், பஸ் போனாலும் பரவாயில்லை.

நாலைந்து நாள் கழித்து, அவன் தயாராக இருக்கும்போது, 2018 ஜகார்த்தா கதையைச் சொல்லலாம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1990-ல் கபடி சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்குத்தான். வேறு யாராவது ஜெயிப்பார்கள் என்றே யாரும் நினைக்கவில்லை. 2018-ல் ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் 18–27 என்று தோற்றது. பெண்கள் அணி இறுதி ஆட்டத்தில் அதே ஈரானிடம் 24–27 என்று தோற்றது. அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின், ஓர் இந்தியப் பெண்மணி. நம் ஆட்டத்தை நம்மிடமே ஆர்வமாகக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து அவர்கள் ஜெயித்தார்கள். அடுத்த ஆசியப் போட்டி 2023-ல் ஹாங்சோவில் நடந்தபோது, இந்தியாவின் இரு அணிகளும் தங்கத்தைத் திரும்ப எடுத்தன. இந்தக் கதைக்கு நீங்கள் விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம். பிள்ளைகள் புத்திசாலிகள்.

ஜெயித்த நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஊரில் பிளெக்ஸ் வைப்பார்கள், மாலை போடுவார்கள், பட்டாசு வெடிப்பார்கள். பதினாறு வயதில் தன் முகத்தைப் பத்தடி உயரத்தில் பார்ப்பது லேசான விஷயமில்லை. பிளெக்ஸ் வைப்பதைத் தடுக்க முடியாவிட்டால், ஏழு பேர் முகமும் சாரின் முகமும் ஒரே அளவில் வரும்படியாவது சொல்லிப் பாருங்கள். கோடு போட உதவிய பையனையும், மாற்று வீரராக வெளியே உட்கார்ந்தவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் காலைப் பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கட்டும்.

7. பெரியவர்களே கெடுத்துவிடும் மூன்று விஷயம்

வயது. “ஒரு வருஷம்தானே சார், பிறந்த தேதியை மாத்திட்டா இன்னொரு சீசன் சின்னப் பசங்க பிரிவுல ஆடலாம்” என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். பிள்ளைக்குத் தெரிந்துதான் இது நடக்கும், அவன் பிறந்தநாள் அவனுக்குத் தெரியாதா? பொய்ச் சான்றிதழோடு களத்தில் இறக்கிவிட்டு, விரல் உரசினால் கையைத் தூக்கு என்று எந்த வாயால் சொல்வது? பிடிபட்டால் தடையும் வரும், டீமின் புள்ளிகளும் போகும். பிடிபடாவிட்டாலும், அவன் தோற்கடிப்பது உண்மையிலேயே சின்னப் பிள்ளைகளை.

எடை. இளையோர் பிரிவுகளில் எடை வரம்பு உண்டு. எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல், வெயிலில் தடிச் சட்டை போட்டு ஓட வைப்பார்கள். வளர்கிற வயதில் இது ஆபத்து. மயங்கி விழுந்த பிள்ளைகள் உண்டு. வரம்பைத் தாண்டிவிட்டால் அந்தப் போட்டி இல்லை, அடுத்த பிரிவுக்குத் தயாராகட்டும்.

சாதி. இதை எழுதாமல் போனால் தமிழ்நாட்டுக் கபடியைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. தென் மாவட்டங்களில் கையில் கட்டும் கயிற்றின் நிறம், டீம் பெயர், ஜெர்சியின் பின்னால் எழுதும் வாசகம் எல்லாவற்றிலும் அது வரும். ஊர்க் கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, ஆடையில் சாதி, கட்சி அடையாளம் கூடாது என்று உயர் நீதிமன்றமே நிபந்தனை விதித்திருக்கிறது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், பள்ளியில் நிறக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லியது. ஆனால் நீதிமன்றத்துக்கு முன்னால் வீடு இருக்கிறது. பிள்ளை களத்துக்குப் போகும் முன் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருந்தால் நீங்களே கழற்றச் சொல்லுங்கள். எதிரணியில் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று வீட்டில் விசாரிக்காதீர்கள். கைகோத்து நின்று பிடிக்கிற ஆட்டம் இது. பக்கத்தில் நிற்பவனின் கையைத் தயங்காமல் பிடிக்கத் தெரியாதவனுக்குக் கபடியே வராது.

8. பிள்ளை ஸ்டார் ஆகிவிட்டால், அல்லது டீமில் இடம் கிடைக்காவிட்டால்

ஸ்டார் ஆகிவிட்டால், வாரத்தில் ஒரு நாள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். தனக்கு எளிதாக வருவது இன்னொருவனுக்கு ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போதுதான் தனக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று தெரியும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் ப்ரோ கபடியில் ஆடினார். 2016 உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வடக்கத்திப் பையன்கள்கூட அவரை “அண்ணா” என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி வயதுப் பிள்ளைகளோடு நின்று, அவர்களுக்கு நிற்கிற இடம் சொல்லிக்கொடுத்தபடியே ஆடியவர். அவருடைய பழைய ஆட்டங்கள் யூடியூபில் இருக்கின்றன. ரைடர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால், தெரிந்தவர் மூலம் பேசிப் பார்க்கலாமா என்று தோன்றும். சிபாரிசில் உள்ளே போகும் பிள்ளைக்கு, தன்னால் வெளியே போனது யார் என்று தெரியும். அது வேண்டாம். அவனே சாரிடம் போய், “சார், நான் எதைச் சரிபண்ணணும்?” என்று கேட்கட்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கப் பதினைந்து வயதில் பெரிய தைரியம் வேண்டும். தொண்டை அடைக்கும். வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகட்டும், தப்பில்லை.

அடிபட்டால் இன்னொன்று. முழங்கால் முறுக்கி வீங்கியிருந்தால் எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டாம். ஐஸ் வைத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் அடி என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, யார் கெஞ்சினாலும் சரி. வலிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் பிள்ளையைக் கோழை என்று சொல்லாத டீம்தான் நல்ல டீம்.

9. விட்டுவிடுகிறேன் என்று சொன்னால்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் நிறையப் பேர் நிறுத்துவார்கள். பெண் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். வயதுக்கு வந்துவிட்டாள், வெயிலில் கறுத்துப்போகிறாள், யார் பார்ப்பார்கள் என்று நூறு காரணம். அப்படி நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணகி நகரின் ஒடுக்கமான வீடுகளிலிருந்து ஒரு பெண் இந்திய ஜெர்சி வரைக்கும் போக முடிந்தது என்றால், போகட்டும் என்று அவள் வீட்டில் விட்டார்கள் என்று அர்த்தம்.

பிள்ளையே நிறுத்த விரும்பினால் அது அவன் உரிமை. ஆனால் பாதியில் வேண்டாம். பெயர் கொடுத்த போட்டிகளை முடிக்கட்டும், ஆறு பேர் அவனை நம்பி நிற்கிறார்கள். அதன் பிறகு ஜெர்சியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு அவனே கிரவுண்டுக்குப் போகட்டும். சாரிடம் நேரில் சொல்லட்டும், கூட ஆடியவர்களிடமும் சொல்லிவிட்டு வரட்டும். நீங்கள் வாசலில் வண்டியோடு நில்லுங்கள். அவனுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பாதீர்கள்.